கறுப்புத் தண்ணீருக்கு அப்பால் ஓர் உறவு

தனியே பிரயாணம் செய்பவனைக் கண்டால் நம்மவர்களுக்கு முதலில் எழுவது சந்தேகம். அடுத்து எழுவது இரக்கம். இரயிலில் ஒருவன் துணையின்றி அமர்ந்திருந்தால், "வீட்டில் யாரும் வரவில்லையா?" என்று விசாரித்து, பொட்டலத்திலிருந்து இரண்டு இட்டிலியை எடுத்து நீட்டினால்தான் நம் மனம் அமைதியடையும். அவன் போகுமிடம் அந்தமான் என்று சொல்லிவிட்டாலோ, கேட்பானேன்! "அந்தமானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்பது சென்ற தலைமுறையில் பிள்ளைகளை மிரட்டுவதற்கென்றே வைத்திருந்த வாக்கியம். கடலைத் தாண்டினால் குலமும் உறவும் அற்றுப்போகும் என்று அஞ்சிய வடநாட்டார் அதனைக் 'காலா பானி' என்றனர். கறுப்புத் தண்ணீர் என்பது பொருள். 1978ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்த 'அந்தமான் காதலி' வெளிவந்த பின்னர்தான், அத்தீவுகளில் தென்னஞ்சோலையும் நீலக் கடலும்கூட உண்டு என்ற செய்தி எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு எட்டிற்று என்று என் தகப்பனார் வேடிக்கையாகக் கூறுவார்.

2025ஆம் ஆண்டு தை மாதத்தில் அங்கே சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை முன்னிட்டு இல்லத்தார் உடன் வர இயலவில்லை. இரயில்வேக் குமாஸ்தாவுக்கு நாட்டின் எம்மூலைக்கும் பாஸ் கிடைக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தமானில் பிரயாணிகள் இரயில் என்பதே கிடையாது. ஆகவே எல்லாரையும் போல் நானும் காசு கொடுத்துத்தான் கப்பல் சீட்டு வாங்கினேன்.

சென்னை, விசாகப்பட்டினம், நாம் இன்னமும் கல்கத்தா என்றே சொல்லிவரும் கொல்கத்தா ஆகிய மூன்று துறைகளிலிருந்து அந்தமானுக்குக் கப்பல்கள் செல்கின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 1,255. ஆகாய விமானம் இரண்டரை மணிக்குள் கொண்டு சேர்த்துவிடும். ஆனால் கப்பலில் மூன்று நாட்கள் போனால்தான் தீவு என்றால் என்ன என்பது மனத்தில் படும் என்பது என் அபிப்பிராயம்.

கிதர்ப்பூர்த் துறையினுள் நீரைக் கதவுகள் இட்டுத் தேக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே ஹூக்ளியில் ஓதம் ஏறினால்தான் கப்பலுக்கு வழி விடப்படும். எனவே இங்கே கால அட்டவணை எழுதுவது மனிதனல்லன், சந்திரன்! கப்பல் மெல்ல நகர்ந்து கார்டன் ரீச்சைக் கடக்கையில் தென்கிழக்கு இரயில்வேயின் தலைமைக் காரியாலயம் கரையில் தோன்றியது. உள்ளே கோப்புகள் மலைபோல் கிடக்கும் கட்டடம், ஆற்றிலிருந்து பார்க்கும்போது எத்துணைச் சாந்தமாக இருக்கிறது! ஆறு வளைந்து வளைந்து சென்றது. செங்கற் சூளைகளும் சணல் ஆலைகளும் பின்னொதுங்கின. சாகர் தீவையும் கடந்த பின் நிலம் என்பது இல்லாமற் போயிற்று.

எனக்குக் கிடைத்தது 'பங்க்' என்னும் அடித்தட்டு வகுப்பு. நமது படுக்கைப் பெட்டியைப் பெருக்கிப் பெரியதொரு கூடத்தில் வரிசையாக அடுக்கியது போலிருக்கும். முதல் நாள் அநேகர் தலைசுற்றிப் படுத்துவிட்டனர். எலுமிச்சம்பழமும் உப்பு நெல்லிக்காயும் கையோடு கொண்டுபோவது நலம். இரண்டாம் நாள் கைப்பேசிக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. மேல்தளத்தில் நின்று பார்த்தேன். ஆற்றின் செம்மண் நிறம் பச்சையாகிப் பின் நீலமாகி, மாலையில் மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல் கருத்திருந்தது. பறவை மீன்கள் கூட்டமாக எழும்பி வீழ்ந்தன. 'காலா பானி' என்று பெயரிட்டவன் இதைக் கண்ணால் கண்டவனாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. பத்தாண்டுக் காலத்தில் என்னை யாரும் எதற்கும் அழைக்காத முதல் நாள் அதுவே. முதலில் அது சுகமாக இருந்தது. இரவு எட்டு மணிக்குமேல் அவ்வளவு சுகமாக இல்லை.

நான்காம் நாள் காலையில் மரங்கள் அடர்ந்த குன்றுகள் தென்பட்டன. போர்ட் பிளேர் என்னும் அத்தலைநகருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கடைவீதியில் பழைய பெயரே வழங்குகிறது. பொழுது புலர்வதும் சாய்வதும் அங்கே நம் கடிகாரத்துக்கு ஒத்துவருவதில்லை. கிழக்கே வெகுதொலைவில் இருந்தும் நாடு முழுமைக்குமுள்ள ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதால், தை மாதத்தில் மாலை ஐந்தே கால் மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது.

அந்தமான் நிக்கோபார்த் தொகுதியில் சிறியனவும் பெரியனவுமாக 836 தீவுகள் எண்ணப்பட்டுள்ளன. மக்கள் வாழ்வது அவற்றுள் மிகச் சிலவற்றில்தான். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 3,80,581. அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்த இடம் நமதே. அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டின் பக்கத்தில் நின்றுகொண்டு காதைத் தீட்டினால் போதும், இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும். ஆயினும் ஒரு தமிழர் மற்றொருவரிடம் முதலில் பேசுவது இந்தியில்தான். எதிரில் நிற்பவர் தெலுங்கரா, மலையாளியா, ராஞ்சியிலிருந்து வந்தவரா என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாதல்லவா?

செல்லுலர் சிறைக்குச் சென்றேன். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தில், நடுவில் ஒரு கோபுரமும் அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல் பிரியும் ஏழு கிளைகளும் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை மூன்று. ஓர் அறைக்கு ஒருவர். ஒரு கிளையின் அறைவாசல்கள் அடுத்த கிளையின் முதுகையே பார்க்குமாறு அமைத்திருக்கிறார்கள். எதிரிலுள்ளவன் முகம் தெரியலாகாது, அவனோடு பேசலாகாது என்பதற்காகவே இந்த யுக்தி. செக்கிழுத்ததையும் கசையடியையும் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆனால் சுவரின் போக்கைக் கொண்டே மனிதனுக்கு மனிதனை இல்லாமற் செய்த அந்தக் கணக்குத்தான் என்னை அதிகம் அச்சுறுத்தியது. ஓர் அறையினுள் நின்று கதவைச் சாத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன், கை எழவில்லை.

அன்று மாலை முருகன் கோயிலுக்குப் போனேன். பங்குனி உத்திரம் அங்கே பெருவிழா. காவடி எடுப்போரில் வேற்று மொழியாரும் உண்டு என்கிறார்கள். நான் போன நாளில் கூட்டமில்லை. பிரகாரத்தில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். நடை எப்போது சாத்துவார்கள் என்று நான் இந்தியில் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏழரைக்குச் சாத்துவாங்க தம்பி. திருநீறு பூசியிருக்கிறதைப் பார்த்தால் தமிழாளு மாதிரி இருக்கு, எந்த ஊரு?" என்றார்.

"கல்கத்தா அம்மா."

"அது வேலை பார்க்கிற ஊரு. நான் சொந்த ஊரைக் கேட்டேன்."

இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! "திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கம்" என்றேன். அவர் கையிலிருந்த நார் அப்படியே நின்றது. "துறையூரா? அங்கிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியுமா?"

கொல்லிமலை தெரியும் என்றேன். அம்மலைமேல் என்ன சாமி என்றார். மாசி பெரியண்ணசாமி, எங்கள் குலதெய்வமே அதுதான் என்றேன். அவர் பூக்கூடையை நகர்த்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பாட்டனார் கங்காணியோடு கண்டிச்சீமைக்குப் போனவர். தகப்பனாரும் அங்கேயே பிறந்தவர். இந்திய மண்ணைக் கண்டதில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி, நாடற்றவர்களாய் நின்ற தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மீதி ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இலக்கங்களாகப் படிக்கையில் கடைக் கணக்கைப் போலத்தான் இருக்கிறது. அந்த இலக்கங்களுள் ஒன்றாக இவர், 1972ஆம் ஆண்டில், பதினொரு வயதுச் சிறுமியாகத் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியிருக்கிறார். மண்டபம் முகாமில் சில மாதங்கள். ஊருக்குப் போகலாம் என்றால், எந்த ஊர்? குடும்ப அட்டையில் 'புதுப்பட்டி, திருச்சி ஜில்லா' என்று மட்டுமே எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் புதுப்பட்டி இல்லாத தாலுகாவைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்! அட்டையை எழுதிய குமாஸ்தா எவரோ, இன்னும் இரண்டு சொற்களைக் கேட்டு எழுதியிருந்தால் அக்குடும்பம் போயிருக்கும் திசையே வேறு. என் தொழிலும் காகிதத்தில் எழுதுவதுதான் ஆகையால் இது என்னைச் சுட்டது.

நிக்கோபார்த் தொகுதியில் உள்ள கச்சல் என்னும் தீவில் அரசாங்கம் இரப்பர்த் தோட்டம் அமைத்து, இலங்கையிலிருந்து திரும்பியவர்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தது. தஞ்சைச் சாசனத்தில் முதலாம் இராஜேந்திர சோழன் கொண்ட நாடுகளின் வரிசையில் 'மாநக்கவாரம்' என்று வருவது இந்த நிக்கோபார்த் தீவுகளே என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். சோழனின் படை புலிக்கொடியோடு சென்றது; இவர்கள் ஒரு தகரப்பெட்டியும் ஒரு பித்தளைக் குடமுமாகச் சென்றார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் பால்வெட்டப் பழகின. விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஊறும் ஆதலால், இருட்டில் எழுந்து, விளக்குடன் மரத்துக்கு மரம் சென்று, பட்டையைச் சாய்வாகக் கீறிக் கிண்ணத்தை வைக்கவேண்டும். அங்கேயே அவருக்குக் கலியாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள்.

தகப்பனார் ஒரு வழக்கத்தை விடாமற் காத்துவந்திருக்கிறார். ஆண்டுதோறும் மாசி மாதம் சிவராத்திரியன்று ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, 'பெரியண்ணா, உன் காசு' என்று சொல்லிச் சாமி மாடத்தில் வைப்பார். என்றேனும் ஒருநாள் அந்த மலைக்குப் போய்ச் சேர்ப்பிக்கவேண்டும் என்பது கருத்து. அவர் காலமான பின் மகள் அதனைத் தொடர்ந்தார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, பூமி நடுங்கியது. கச்சல் தீவு மிகக் கொடிய சேதம் அடைந்த இடங்களுள் ஒன்று. அம்மையாரும் கணவரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்த இரப்பர்க் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள். வீடு இல்லை, மாடம் இல்லை, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காணிக்கை முடிச்சு கடலோடு போயிற்று. அவர் இழந்தவற்றையும் இழந்தவர்களையும் பற்றி அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "அந்த மஞ்சத் துணி போயிருச்சே தம்பி, அப்பா வந்து கேட்டால் என்ன சொல்லுவேன்" என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். சில மாதங்களுக்குப் பின் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தார்கள். 2005ஆம் ஆண்டுச் சிவராத்திரி முதல் புதிய துணியில் புதிய முடிச்சு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே என் நெஞ்சில் வேறொன்று ஓடிற்று. எங்கள் வீட்டில் மாசிப் படையலன்று சாமிக்கு வைத்த பொங்கலில் ஒரு பங்கைத் தனியே ஓர் இலையில் வைப்பது வழக்கம். 'கண்டியான் பங்கு' என்று அதற்குப் பெயர். பாட்டனாருக்குப் பாட்டனாரின் தம்பி ஒருவர், பஞ்ச காலத்தில் கண்டிக்குப் போனவர், திரும்பவில்லை; அவருக்காக அது. பூசை முடிந்ததும் சிறுவர்களாகிய நாங்கள் அந்த இலையின்மேல் பாய்ந்து, போட்டியிட்டுத் தின்போம். கண்டியான் யார் என்று நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் முன்னோர் இப்போதிருக்கும் ஊருக்குக் குடிவந்தது, பக்கத்திலுள்ள ஒரு புதுப்பட்டியிலிருந்து.

குலதெய்வம் ஒன்றென்றால் பங்காளி என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மாசி பெரியண்ணசாமிக்குப் பல ஊரார், பல வகுப்பார் குடிகள். கண்டிச்சீமைக்கு ஆளனுப்பாத வீடும் எங்கள் பக்கத்தில் குறைவு. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஊரிலிருந்த தகப்பனாரைக் கைப்பேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மையாரிடம் கொடுக்கச் சொன்னார். பாட்டனார் பெயரைக் கேட்டார், ஏரிக்கரையைக் கேட்டார், கரைமேல் என்ன மரம் என்று தகப்பனார் சொல்லக் கேட்டதுண்டா என்றார். பனைமரம், ஏழு என்று சொன்னதாக ஞாபகம் என்றார் அம்மையார். பாட்டனாரின் பெயர் எங்கள் வீட்டில் தலைமுறை தோறும் சுழன்றுவரும் பெயர். ஆனால் அது அந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவருக்கு உள்ள பெயர். ஏரிக்கரையில் பனை இல்லாத ஊரும் கிடையாது.

கைப்பேசி என்னிடம் திரும்பி வந்தது. "சாட்சி போதுமா அப்பா?" என்றேன். "கோர்ட்டுக்கா போகிறாய்? எனக்கு ஒரு தங்கையென்று வைத்துக்கொள். அத்தை என்று கூப்பிடு" என்றார்.

அப்படியே கூப்பிட்டேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டாயா?" என்றார். அதுவரையில் 'நீங்க' என்று பேசிவந்தவர் அக்கணமே 'நீ'க்கு வந்துவிட்டார்.

அடுத்த நான்கு நாட்கள் நான் தங்குவிடுதிக்குத் தூங்க மட்டுமே போனேன். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், தேங்காய்ப்பாற் சொதியுமாக மலைநாட்டுச் சமையல் அவ்வீட்டில் இன்றும் நடக்கிறது. பேரன் பள்ளித் தோழர்களோடு இந்தியிலும், பாட்டியிடம் தமிழிலும், அண்டை வீட்டு வங்காளிச் சிறுமியிடம் வங்காளத்திலும் பேசுகிறான். அங்கே தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. இவனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், ஆனால் தபால் எழுத வராது" என்று அத்தை குறைபட்டார். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்துவரும் தாய்மார்களின் குரல் எனக்குக் காதில் ஒலித்தது. ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் தீவின் வெண்மணற் கடற்கரைக்கும், பவளப் பாறைகளைக் காட்டும் கண்ணாடிப் படகுக்கும் ஒரு நாள் ஒதுக்கினேன், அழகுக்குக் குறைவில்லை. கச்சலுக்குப் போக விரும்பினேன். நிக்கோபார்ப் பழங்குடியினரின் பாதுகாப்புக்காக அத்தீவுகளுக்கு முன்கூட்டியே தனி அனுமதி பெறவேண்டும். அது சரியான ஏற்பாடுதான்.

புறப்படும் நாளில் ஹாடோ துறைக்கு அத்தை வந்தார். மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தார். இருபது நாணயங்கள். பழைய ஒரு ரூபாய்கள் சில, புதியன சில. "அப்பா காசுக்கும் சேர்த்துச் சொல்லிப் போடு" என்றார். கப்பலில் இம்முறை இரவு எட்டு மணிக்குமேலும் எனக்குத் தூக்கம் வந்தது. முடிச்சு சட்டைப்பையில் இருந்தது.

காணிக்கையைத் தபாலில் அனுப்பலாகாது என்பது எங்கள் பக்கத்து நியதி. எனவே பிப்ரவரி மாதத்தில் மறுபடியும் விடுப்புக் கேட்டேன். இங்கே பாஸ் செல்லும்! பிப்ரவரி 26ஆம் தேதி மகாசிவராத்திரி. தகப்பனாரும் நானும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அப்பால் நடந்து, சந்நிதியில் முடிச்சை வைத்தோம். பூசாரியிடம் விவரத்தைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. கண்டியிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இப்படி முடிச்சுகள் வருவதுண்டாம். அந்தமானிலிருந்து வந்தது மட்டும் அவருக்குப் புதிது.

ஊர் திரும்பி வீட்டுப் படையலை வைத்தோம். கண்டியான் பங்கு வழக்கம்போல் தனி இலையில். குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தகப்பனார் அவர்களைத் தடுத்துவிட்டு, அத்தையைக் கைப்பேசியில் அழைத்து, "உன் பங்கு இலையில் இருக்கிறது, என்ன செய்யட்டும் அம்மா?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களுக்கே குடுங்க அண்ணே. அடுத்த மாசிக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார் அத்தை. பின்பு, "ஏரியிலே தண்ணி இருக்கா?" என்றார்.

இருந்தது. தகப்பனார் எழுந்து வாசலுக்குப் போய், எத்தனை படிகள் மூழ்கியிருக்கின்றன என்பதை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினார்.